வேதாச்சலத்துக்கு ஜுரம் இல்லை

வேதாச்சலம் யாரிடமாவது அறிமுகம் செய்துகொள்ளும்போது, பெயரைச் சொல்வதற்கு முன்பே தான் இதுவரை ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை என்பதைச் சொல்லிவிடுவார். பெயரைச் சில சமயம் சொல்லாமலும் விட்டுவிடுவார். திருப்பதிக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் முதியோர் இல்லத்தில் அவர் சேர்ந்த அன்று, மேலாளர் ரமணா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்.

"பசிச்சா சோறு துன்றேன். வேற ஒண்ணும் கெடையாது" என்றார் வேதாச்சலம்.

ரமணா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். அங்கே வருகிறவர்கள் துணிப் பை ஒன்றும் மாத்திரைப் பை ஒன்றுமாக வருவார்கள். இவர் ஒரே பையோடு வந்திருந்தார்.

அவர் பிறந்தது நகரிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில். அங்கே வீட்டில் தமிழ் பேசுவார்கள், ரேஷன் கடையில் தெலுங்கு பேசுவார்கள், மாட்டிடம் எது வாயில் வருகிறதோ அதைப் பேசுவார்கள். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். வேதாச்சலம் பத்தாவது தேறி ஆர்.டி.சி.யில் கண்டக்டர் ஆனார். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் ஒரே வழித்தடம், திருப்பதியிலிருந்து புத்தூர், நகரி வழியாகத் திருத்தணி. மலைக்குப் போய் மொட்டை அடித்துத் திரும்பும் கூட்டம் அத்தனையும் அவர் முகத்துக்கு நேரே இருமியது, தும்மியது, சில நாள் வாந்தியும் எடுத்தது.

தன் ஆரோக்கியத்துக்கு அதுதான் காரணம் என்று அவர் நம்பினார்.

"எல்லா ஸ்டேட்டு கிருமியும் எனக்குள்ள ஏறி எறங்கியாச்சி. இனிமே புதுசா வர்றதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல" என்பார்.

மனைவி இறந்த பிறகு கொஞ்ச காலம் சூளூர்பேட்டையில் மகள் சுமித்ராவின் வீட்டில் இருந்தார். மருமகனுக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அவர் பகலில் தூங்குவார், அதனால் வீட்டில் பகல் முழுக்க ரகசியம்தான் பேச வேண்டியிருந்தது. பஸ்ஸின் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகியவருக்கு அது சரிப்படவில்லை. இல்லத்தை அவரே விசாரித்து, அவரே போய்ச் சேர்ந்தார். மகள் அழுதாள். "அயுவாத. அங்க ஆளுங்க நெறைய கீறாங்க, பேசிக்கினு இருக்கலாம்" என்று சமாதானம் சொன்னார்.

இல்லத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடைத்தது. யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்த்தால் கூடவே ஒரு ஆள் இருந்தாக வேண்டும். மருந்து வாங்கி வர வேண்டும், ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு ஸ்ட்ரெச்சர் கூடவே போக வேண்டும், பெயரைக் கூப்பிட்டால் 'இங்க கீறோம்' என்று சொல்ல வேண்டும். இந்த ஆளுக்கு அங்கே அட்டெண்டர் என்று பெயர். இல்லத்தில் நர்ஸ் இரண்டே பேர். பிள்ளைகள் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் அதைத் தாண்டியும் இருந்தார்கள். அவர்கள் கிளம்பி வருவதற்குள் பாதி நோயாளிகள் குணமாகிவிடுவார்கள், மற்றவர்கள் விஷயமும் முடிந்துவிடும். மழைக்காலம் வந்தால் ஒருவருக்குச் சளி பிடிக்கும். அடுத்த வாரம் அந்த அறை வரிசை முழுக்க மூக்கைச் சிந்தும். அதில் யாராவது ஒருவர் சோறு வேண்டாம் என்று சொல்லி, பிறகு தண்ணீரும் வேண்டாம் என்று சொல்லி, ஆம்புலன்ஸில் ஏறுவார். இல்லத்து வாசலில் இருந்த மேட்டில் வண்டியை எப்படி ஏற்றுவது என்பது ஆம்புலன்ஸ் டிரைவருக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

வேதாச்சலம் முதல் தடவை அட்டெண்டராகப் போனது வேறு ஆள் இல்லாததால்தான். இரண்டாவது தடவை, நோயாளியே அவரைக் கேட்டார். கூட்டத்தில் வழி விடச் செய்வது, கவுண்டரில் இருப்பவரைக் கோபப்படுத்தாமல் அவசரப்படுத்துவது, பையின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே நின்றபடி தூங்குவது எல்லாம் அவருக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்போது ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சொல்லுவார்.

"போவசொல்ல ரெண்டு பேரு. வரசொல்லயும் ரெண்டு பேரு."

பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. நடக்காத நாட்களில் அவர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி வருவார். வாசலில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். குளித்துவிட்டு, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாகப் போய்ச் சாப்பிடுவார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சேவா சங்கத்துக்காரர்கள் டாக்டர் ஒருவரை அழைத்து வந்தார்கள். வயதானவர்களுக்கு ஃப்ளூ தடுப்பு ஊசி, இலவசம். சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போட்டு ஊசி குத்தினார்கள். வரிசையை வேதாச்சலம் கவனித்துக்கொண்டார். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கீது" என்று எல்லாரையும் நகர்த்தினார். பயந்தவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவருடைய அறைவாசி பாலையா ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்ளும் ஆள். காளஹஸ்தியில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட், சரியாக வேலை செய்யாத சிறுநீரகம் எல்லாம் அவரிடம் இருந்தன. அவரையும் வேதாச்சலம்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

எல்லாருக்கும் போட்டு முடிந்ததும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க?"

"நானு ஸ்டாஃபு மாதிரி சார்."

"ஸ்டாஃபும் போட்டுக்கணும். முக்கியமா ஸ்டாஃபு."

"எனக்குத் தேவப்படாது சார். இதுவரிக்கும் ஆஸ்பத்திரில படுத்ததே கெடையாது."

டாக்டர் சோர்வாக இருந்தார். இருந்தாலும் சொல்லிப் பார்த்தார். "வயசானா உடம்போட எதிர்ப்பு சக்தி கொறைஞ்சுடும் பெரியவரே. கிருமி வந்தாக்கூட உடம்பு சரியா சண்டை போடாது. சில பேருக்கு ஜுரம்கூட வராது. உள்ள முத்திப்போன அப்புறந்தான் வெளியில தெரியும்."

"என் ஒடம்பு எனக்குத் தெரியாமயா பூடும்?" என்றார் வேதாச்சலம்.

டாக்டருக்கு அன்று சந்திரகிரியில் இன்னொரு இல்லம் பாக்கி இருந்தது. காலி டம்ளர்களை எடுக்க வந்த சமையல்காரி செல்லியம்மாவுக்கு அவருடைய ஊசியைப் போட்டார்கள். "எனக்கு இன்னாத்துக்கு?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

மார்கழியில் பாலையாவுக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. வழக்கம்போல வேதாச்சலம் கூடப் போனார். வார்டு நிரம்பி, வராந்தாவிலும் கட்டில் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் ஓயாமல் இருமினார். அவருக்கு அட்டெண்டர் இல்லை. வேதாச்சலம் அவரையும் சேர்த்துக் கவனித்தார். பிளாஸ்கில் வெந்நீர் வாங்கிக் கொடுத்தார், நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவினார். முகக்கவசம் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு பேசினால் கவுண்டரில் கேட்கவில்லை என்று அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பாலையா தேறினார். போன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

வந்த பிறகு வேதாச்சலத்துக்கு மூக்கு ஒழுகியது. நர்ஸ் காவ்யா அதைக் கவனித்தாள். குப்பம் பக்கம் சாந்திபுரத்துப் பெண். கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு பேசுவாள்.

"தாத்தா, ரூம்லயே இருங்க. சாப்பாடு நான் கொண்டாந்து தர்றேன்."

"தூசும்மா. ஆஸ்பத்திரில வெள்ள அடிக்கிறாங்க."

காவ்யா தெலுங்கில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். அந்த வாரம் அவர் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டார், நிறையத் தூங்கினார், ஒரு தடவை குளியலறைக் கதவில் மோதிக்கொண்டார். வயதானவர்கள் செய்கிற காரியங்கள்தான் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு காலை, உப்புமா பரிமாறிக்கொண்டிருக்கும்போது, அவர் இடது கையிடுக்கில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு மேஜை மேஜையாக டிக்கெட் கேட்டு வந்தார்.

கூடம் கலகலப்பானது. உகாதிக்கும் சங்கராந்திக்கும் அவர் இதைச் செய்து காட்டுவதுண்டு. ஒருவர் திருத்தணி கேட்டார், அவர் விரலால் காற்றில் கிழித்துக் கொடுத்தார். இன்னொருவர் காசி கேட்டார், அதற்கும் கொடுத்தார். மாதக்கணக்கில் வாய் திறக்காத ஒருவர்கூடக் கையை நீட்டினார். ரமணா தன் போனில் படம் பிடித்தார்.

ஜன்னல் ஓரத்து மேஜையில் வெங்கடலட்சுமி உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். புத்தூர் பள்ளிக்கூடத்துக்கு வருஷக்கணக்கில் வேதாச்சலத்தின் பஸ்ஸில்தான் போய் வந்தவர். இல்லத்தில் அவரைப் பார்த்த முதல் நாளே வேதாச்சலம், "டீச்சரம்மா, புத்தூர் வந்துடுச்சி" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். அன்றிலிருந்து தினமும் ஒரு தடவையாவது அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

"எங்கம்மா போவணும்?" என்று வேதாச்சலம் கேட்டார்.

"புத்தூர் ஒண்ணு" என்றார் வெங்கடலட்சுமி, சிரித்துக்கொண்டே.

வேதாச்சலம் யோசித்தார்.

"புத்தூரா? அது எங்க கீது? இந்த ரூட்ல அப்பிடி ஒரு ஊரு இல்லியேம்மா."

அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான் எழுந்தது. வெங்கடலட்சுமி மட்டும் கரண்டியைத் தட்டில் வைத்தார். வேதாச்சலத்தின் முகத்தை உற்றுப் பார்த்தார். பேசி முடித்த பிறகும் அவருடைய வாய் மூடவில்லை, தோள் இரண்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"காவ்யாவைக் கூப்பிடுங்க. இவர் விளையாடல. இவருக்கு நான் யாருன்னு தெரியல."

காவ்யா வந்து நெற்றியைத் தொட்டாள். தெர்மாமீட்டர் வைத்தாள்.

"ஜுரம் லேது கதா?" என்று கேட்டார் ரமணா.

"இல்ல சார். நார்மல்."

"அப்ப சரி. தூக்கம் கெட்டுப் போயிருக்கும்."

காவ்யா ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை அவர் விரலில் மாட்டினாள். அதில் வந்த எண்ணைப் பார்த்தாள். கருவியைக் கழற்றித் தன் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி அவர் விரலில் மாட்டினாள். பிறகு தெலுங்கில் பேசினாள். ரமணா போனில் படத்தை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

வண்டி வந்து நின்றதும் ரமணா பழக்கத்தில் உள்ளே திரும்பி, "கண்டக்டர் சாரைக் கூப்பிடுங்க, அட்டெண்டர் போகணும்" என்றார். யாரும் நகரவில்லை. வேதாச்சலம் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரமணா தலையைக் குனிந்துகொண்டார்.

வெங்கடலட்சுமி சால்வையை எடுத்துக்கொண்டு வந்து ஆம்புலன்ஸில் ஏறினார். அவருக்கு முழங்கால் வலி. ஏறுவதற்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு காவலாளி அவரைத் தடுத்தார்.

"நீங்க அவருக்கு என்ன ஆவணும்?"

"அவர் பஸ்ஸுல போனவ."

காவலாளிக்கு இதற்கு என்ன விதி என்று தெரியவில்லை. உள்ளே விட்டுவிட்டார்.

எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. ஃப்ளூவில் தொடங்கி முற்றிப்போனது என்றார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். வேதாச்சலம் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். வண்டி ஏன் நிற்கிறது, டிரைவர் எங்கே போனான், இத்தனை ஜனம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வார்டில் கட்டிலில் கிடந்தவர்கள் எல்லாம் அவருடைய பிரயாணிகள். நர்ஸ் ஒருத்தி கையைக் கட்டிவிடலாமா என்று யோசித்தாள்.

வெங்கடலட்சுமி குனிந்து அவர் காதில் சொன்னார். "கண்டக்டர், ரயில்வே கேட் போட்டிருக்காங்க."

வேதாச்சலம் நிதானமானார். "கூட்ஸா?"

"கூட்ஸ்தான். நீளமா போகுது."

"அப்ப டைம் ஆவும்" என்று சொல்லிவிட்டுக் கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டார். குழாயைத் தொடவில்லை. மறுபடி அவர் பரபரக்கும்போதெல்லாம் கேட் போட வேண்டியிருந்தது. ஒரு தடவை நர்ஸே அதைச் செய்தாள்.

சூளூர்பேட்டையிலிருந்து ரயிலேறி சுமித்ரா வந்தாள். முகக்கவசத்தை இறக்கிக் காட்டி, "நைனா, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள். அவளுக்கு அவள் அம்மாவின் முகம். வேதாச்சலம் அவளைப் பார்த்துவிட்டு, வார்டு முழுவதற்கும் கேட்கும்படி, "யாராச்சும் எய்ந்திரிங்கப்பா, புள்ளத்தாச்சிக்கு எடம் குடுங்க" என்றார். சுமித்ராவுக்குக் காலேஜில் படிக்கிற பிள்ளை இருக்கிறான். அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜுரமே இல்லையே, எப்படி இவ்ளோ முத்திச்சு?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"கிருமியை எதிர்த்து உடம்பு வேலை செய்யறதாலதான் ஜுரம் வருது. இந்த வயசுல அது சுருக்கா வராது. புத்தி தடுமாறுதா, சாப்பாடு குறையுதா, தூங்கியே கிடக்கிறாங்களா, அதைத்தான் பாக்கணும். ஃப்ளூ ஊசி போட்டிருந்தாரா?"

சுமித்ரா வெங்கடலட்சுமியைப் பார்த்தாள். "வரிசையை நல்லாப் பாத்துக்கிட்டார்" என்றார் வெங்கடலட்சுமி.

அவர் பிழைப்பாரா என்பது சில நாள் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டு, 'பார்ப்போம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு மத்தியானம் அவர் கண்ணைத் திறந்து வெங்கடலட்சுமியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சரம்மா, நீங்க எதுக்கு இங்க கீறீங்க? ஒடம்புக்கு இன்னா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான்."

வேதாச்சலம் தன் மூக்கில் இருந்த குழாயைத் தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தார். பக்கத்தில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. அது நோயால் இல்லை என்று வெங்கடலட்சுமிக்குத் தெரிந்தது, அதனால் அவரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

நுரையீரல் சரியானபோது கால் போயிருந்தது. படுத்தே கிடந்ததில் தொடைச் சதை வற்றிவிட்டது. ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றவர், கட்டிலைப் பிடித்துக்கொண்டுகூட நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். நாலு கால் ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள்.

இல்லத்துக்கு வந்ததும் அவர் முதலில் கவனித்தது, அறையில் பாலையா இருமிக்கொண்டிருந்ததை.

"உனுக்கும் வந்துச்சா?"

"வந்தது அன்னா. எனக்கு, நம்ம ரூம் வரிசைல நாலஞ்சு பேருக்கு, செல்லியம்மாவுக்கு. காவ்யா எங்களை ரூம விட்டு வெளிய விடல. கஞ்சி, மாத்திர. இப்ப பரவால்ல."

"ஆஸ்பத்திரிக்கு?"

"யாரும் போகல. உன்னைத் தவிர."

வேதாச்சலம் கட்டிலில் உட்கார்ந்து இதை யோசித்தார். சர்க்கரையும் ஸ்டென்டும் பழுதான சிறுநீரகமும் உள்ள ஆள், எதிர்க் கட்டிலில் கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தார்.

"நான்தான் குடுத்தனா?"

"வேற யாரு? நீதான் ஊர் பூரா டிக்கெட் குடுத்துக்கினு வந்தியே" என்றார் பாலையா. அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து, வேதாச்சலத்தின் ஊன்றுகோலைக் கைக்கு எட்டும்படி கட்டில் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

வேதாச்சலம் அன்று சாயங்காலம் காவ்யாவிடம் கேட்டார். "அந்த ஊசி, போட்டுக்கினவங்க கிட்ட கிருமிய அண்டவே விடாதா?"

"வரவே வராதுன்னு சொல்ல முடியாது தாத்தா. வந்தாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் போறது கொறையும்."

"டாக்டரு அப்பிடிச் சொல்லலியே."

"சொன்னாரு. நீங்க வரிசையைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு ஒரு நாள் காவ்யா அவரை ஆட்டோவில் அழைத்துப் போய் நிமோனியாவுக்கான ஊசியைப் போட்டாள். ஃப்ளூ ஊசியை வருஷா வருஷம் போட வேண்டும் என்றாள். வலிக்குமா என்று கேட்டார். லேசாக என்றாள். லேசாகத்தான் வலித்தது. அவர் ஊசி போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போகலாம் என்றார்.

அட்டெண்டர் வேலைக்கு ரமணா சிரஞ்சீவி என்ற ஆளை நியமித்தார். அவனுக்கு முப்பது வயது இருக்கும். கவுண்டரில் கோபப்பட்டுவிடுகிறான் என்று வேதாச்சலத்துக்கு அவன் மேல் குறை. ஆனால் அவன் ஊசி போட்டுக்கொண்டிருந்தான், முகக்கவசத்தை மூக்குக்கு மேல் போட்டான், திரும்பி வந்தால் குளிக்காமல் யார் பக்கத்திலும் போகவில்லை. குறை சொல்வதை வேதாச்சலம் பாலையாவோடு நிறுத்திக்கொண்டார்.

நடைப் பயிற்சிக்கு வாரம் இரண்டு தடவை ஒரு பெண் வந்து அவரைத் தாழ்வாரத்தில் நடக்க வைத்தாள். பங்குனி முடியும்போது அவர் ஊன்றுகோலோடு சாப்பாட்டுக் கூடம் வரை தானே போனார். குளியலறைக்கு மட்டும் இன்னும் ஒருவர் துணை வேண்டியிருந்தது. அந்தத் துணையைக் காவ்யாவிடம் கேட்காமல் பாலையாவிடம் கேட்டுக்கொண்டார்.

காற்று வெளியே போகிற இடத்தில் கிருமி தங்காது என்று காவ்யா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அதற்குப் பிறகு வேதாச்சலம் காலையில் எல்லாருக்கும் முன்னால் கூடத்துக்குப் போய், ஒவ்வொரு ஜன்னலாகத் தள்ளிக்கொண்டே வந்தார். பழைய இரும்பு ஜன்னல்கள், பாதி துருப்பிடித்தவை. ஒன்றைத் திறந்துவிட்டு நின்று மூச்சு வாங்கிவிட்டு அடுத்ததற்குப் போவார். அடுத்த மழைக்காலம் வந்தபோதும் இது நிற்கவில்லை. சாரல் அடிக்கிறது என்றார்கள். காது அடைக்கிறது என்றார்கள். உப்புமா ஆறிப்போகிறது என்று ரமணாவிடம் புகார் போனது.

ரமணா வந்து பேசிப் பார்த்தார். "கண்டக்டர் சார், ஒரு நாலு ஜன்னலாவது மூடிக்கலாமே."

"மூடறதுக்கு எனுக்கு பலம் இல்ல நைனா. தொறக்கறதுக்குத்தான் கீது" என்றார் வேதாச்சலம்.

ஜன்னல் ஓரத்து மேஜைக்காரர் என்பதால் வெங்கடலட்சுமிக்குத்தான் அதிகம் குளிர்ந்தது. அவர் காதை மூடும் குல்லாய் ஒன்று வாங்கிக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டு, உப்புமா ஆறுவதற்குள் வேகமாகச் சாப்பிட்டார்.